மோதல் பாதித்த நிலத்தில் இருந்துகொண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவையும் பாதுகாப்பையும் படிக்கலாமா?

கேள்வி: பாமணி ஆற்றங்கரை (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். நான் டெல்டாவில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் முதுகலை அரசியல் அறிவியல் இறுதியாண்டு படித்து வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை ஆகியவற்றில் மேற்கொண்டு படிக்க விரும்புகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் இது ஒரே அலகில் முடிந்துவிடுகிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம், ஒன்றியத்தின் வெளியுறவைக் கவனிக்கும் உயர் பிரதிநிதி என்னும் பதவி ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்தோமே தவிர, போர் ஓய்ந்த ஓர் ஊருக்குள் அந்த ஒன்றியத்தின் அலுவலர்கள் சென்று உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஆர்வம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

இப்போது என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பெல்ஜியம், செக் குடியரசு போன்ற உறுப்பு நாடுகளில் உள்ள முதுகலைப் படிப்புகள். மற்றொன்று, ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். அங்கே கட்டணம் குறைவு என்பதோடு, ரஷ்யாவுடன் நடந்த 2008ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு வந்த ஐரோப்பியக் கண்காணிப்புக் குழு இன்றுவரை அந்நாட்டில் பணியில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மருத்துவம் படிக்க அங்கே சென்றிருப்பதால் ஊர்ப் பெயர் வீட்டுக்குப் புதிதன்று. ஆனாலும் மோதல் பாதித்த பகுதியைப் பற்றிப் படிக்க அங்கேயே போகிறேன் என்று நான் சொன்னதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட நிலத்தில் வாழ்ந்து படிப்பதால் நூலிலும் ஆவணத்திலும் கிடைக்காத எதுவும் கிடைக்குமா, அல்லது இது விளம்பரக் கையேடுகள் சொல்லும் பேச்சு மட்டும்தானா? ஐரோப்பியரும் அமெரிக்கரும் குவியலாக எழுதிவிட்ட இத்துறையில், காவிரிக் கடைமடையிலிருந்து போகும் ஒருத்தி எந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் அது அவளுக்கே உரியதாக இருக்கும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி 1: குடந்தைப் பாலக்கரை

தங்கைக்கு வணக்கம். நான் ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் பாதுகாப்பு ஆய்வில் கூட்டு முதுகலை முடித்தவன். ஆய்வேட்டுக்காக ஒரு கோடைக்காலம் ஜார்ஜியாவில் இருந்தேன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

2008 ஆகஸ்டில் ஐந்து நாள் நடந்த அந்தப் போரை நிறுத்துவதற்கான ஆறு அம்ச உடன்பாட்டை, அப்போது ஒன்றியப் பேரவையின் (உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் அவை) சுழற்சித் தலைமையை வகித்த பிரான்சின் அதிபர் சர்க்கோசி மாஸ்கோவுக்கும் திபிலிசிக்கும் சென்று பேசி முடித்தார். அக்டோபர் 1ஆம் நாளே ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். ஒன்றியத்தின் எந்தத் தூதுக் குழுவும் அவ்வளவு விரைவாகப் புறப்பட்டதில்லை என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஆணை ஜார்ஜியா முழுமைக்கும் உரியது. ஆனால் பிரிந்து நிற்கும் பகுதிகளான அப்காசியாவுக்குள்ளும் தெற்கு ஒசேத்தியாவுக்குள்ளும் ரஷ்யாவும் அங்குள்ள நிர்வாகங்களும் அவர்களை விடுவதில்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் குழுவும் ஐக்கிய நாடுகளின் நோக்கர் குழுவும் 2009இல் மூடப்பட்டுவிட்டமையால், அவ்விரு பகுதிகளையும் மற்ற ஜார்ஜியாவிலிருந்து பிரிக்கும் நிர்வாக எல்லைக் கோட்டின் ஓரத்தில் இன்று எஞ்சியிருக்கும் பன்னாட்டுக் கண்காணிப்பு இது ஒன்றுதான்.

இவ்வளவையும் நீங்கள் மன்னார்குடியில் அமர்ந்தே படித்துவிடலாம். அங்கே போனால் தெரிவது வேறு. கோரி நகருக்கு அப்பால் உள்ள சிற்றூர்களில், ரஷ்ய எல்லைக் காவலர்கள் போட்ட கம்பிவேலி பழத்தோட்டத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பாசன வாய்க்காலையும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. சில இடங்களில் குடும்பத்தின் இடுகாடு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாட்டைத் தேடிக் கோட்டைத் தாண்டியவரைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். அப்போது கண்காணிப்புக் குழு செய்யக்கூடியது, இரு தரப்புக்கும் இடையில் அது நடத்தும் அவசரத் தொலைபேசி வழியாகச் செய்தியைச் சொல்லுவதும், கோட்டருகே உள்ள எர்க்னெட்டி என்னும் ஊரில் இரு தரப்பும் கூடும் கூட்டத்தில் அதை மீண்டும் எழுப்புவதும்தான். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீரளவு எடுப்பவருக்கு அளவைத் துல்லியமாகச் சொல்லத் தெரியும், கர்நாடகத்தின் கபினி அணையின் மதகைத் திறக்க அதிகாரம் இராது. ஆனால் அந்த அளவு இல்லாமல் எந்த நீதிமன்றத்திலும் பேச முடியாது என்பதையும் டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலி ஓரத்து மக்கள் அந்தத் தொலைபேசியை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதை நான் நேரில்தான் அறிந்தேன். ஒன்றியத்தின் ஆண்டறிக்கையில் அது ஒரு வரி. பிடிபட்டவரின் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஓர் அமைப்பு தன் பணியில் எதைப் பெரிதாகக் காட்டுகிறது, அதைப் பெறுபவர் எதைப் பெரிதாகக் கருதுகிறார் என்னும் இந்த வேறுபாடு என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாகவே ஆயிற்று. ஆகவே, ஆம், கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ரஷ்யப் பக்கத்திலிருந்து அப்காசியாவுக்கோ தெற்கு ஒசேத்தியாவுக்கோ நுழைவது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம். ஆர்வக்கோளாறில் யாராவது அழைத்தாலும் போகாதீர்கள். அடுத்து, 2023 டிசம்பரில் வேட்பாளர் நாடு என்னும் நிலையைப் பெற்ற ஜார்ஜியா, அடுத்த ஆண்டே வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 2024 நவம்பரில் சேர்க்கைப் பேச்சுவார்த்தையை 2028 வரை தள்ளி வைப்பதாக அதன் அரசு அறிவித்தபின் தெருப் போராட்டங்கள் தொடர்ந்தன. எனக்கு நேர்காணல் கொடுத்தவர்களைப் போன்ற தொண்டு நிறுவனத்தார் இன்று அவ்வளவு எளிதாகப் பேசமாட்டார்கள். அங்கே போவதாக இருந்தால், நான் பார்த்த திபிலிசியை எதிர்பார்த்துப் போகக் கூடாது.


மறுமொழி 2: பழைய விரிவுரையாளர் (தஞ்சாவூர்)

குடந்தைத் தம்பி எழுதியது பயனுள்ளது. ஆயினும் அவருடைய முடிவோடு நான் முழுவதும் உடன்படவில்லை. கள அனுபவம் என்பது மாணவர்களை எளிதில் மயக்கிவிடும். கம்பிவேலியைப் பார்த்தவருக்கு, அந்த வேலியின் முன்னால் ஒன்றியம் ஏன் கைகட்டி நிற்கிறது என்பதற்கான காரணமும் அங்கேயே கிடைத்துவிடும் என்று தோன்றும். காரணம் பெரும்பாலும் வேலியருகே இருப்பதில்லை. ஒப்பந்தத்தின் உறுப்புகளில் இருக்கிறது.

கொசோவோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 பிப்ரவரி 17இல் அது விடுதலையை அறிவித்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளில் ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் இன்றுவரை அதை ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை என்பதை, அங்கே ஆய்வுக்குச் செல்ல நினைப்பவர் நினைவில் வைக்க வேண்டும். சிக்கல் என்றால் ஓடிப்போய் நிற்க நம் தூதரகம் அங்கே இல்லை. ஒன்றியம் தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய குடிசார் தூதுக் குழுவான யூலெக்ஸை அந்த நிலத்துக்குத்தான் அனுப்பியது. காவலர், வழக்குத் தொடுநர், நீதிபதி எல்லாரும் அதில் இருந்தனர். ஒரு நாட்டின் சட்ட ஒழுங்கைக் கட்டியெழுப்பச் சென்றவர்கள், அது நாடா இல்லையா என்பதில் தமக்குக் கருத்தில்லை என்று சொல்லிக்கொண்டே வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஏனெனில் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 31ஆம் உறுப்பின்படி வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை முடிவுகள் பொதுவாக ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். ஐவர் முரண்படும் ஒன்றை ஒருமனதாகச் சொல்ல முடியாது. ஒன்றியத்தின் ஆவணங்களில் கொசோவோ என்னும் பெயருக்கு அருகே ஓர் உடுக்குறியும், கீழே ஓர் அடிக்குறிப்பும் வருவதை நீங்கள் பார்ப்பீர்கள். அந்த அடிக்குறிப்பு எப்படி வந்தது என்று தேடிப் போனாலே ஒரு பருவத்துப் பாடம் முடிந்துவிடும்.

பிறகு பணம். 41ஆம் உறுப்பின் 2ஆம் பிரிவு, படைசார் நடவடிக்கைகளின் செலவை ஒன்றியத்தின் பொது வரவுசெலவிலிருந்து எடுப்பதைத் தடுக்கிறது. அதனால்தான் 2021இல் ஐரோப்பிய அமைதி நிதியம் என்று தனியே ஒன்றை வரவுசெலவுக்கு வெளியே உருவாக்கினார்கள்; உக்ரைனுக்கு ஆயுத உதவி போனதும் அதன் வழியாகத்தான். இதை அறியாதவர், ஒன்றியம் ஓரிடத்தில் காவலரை அனுப்பி மற்றோரிடத்தில் படையை அனுப்பாததற்குக் கொள்கைக் காரணம் தேடிக் களைத்துப் போவார். போஸ்னியாவில் 2004 டிசம்பர் முதல் இருக்கும் ஒன்றியத்தின் அல்தியா படைக்கோ வேறொரு கட்டு உண்டு. அதன் ஆணையை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அங்கே ரஷ்யாவுக்குத் தடுப்பதிகாரம் இருக்கிறது. சரயேவோவில் எத்தனை மாதம் தங்கினாலும் இதைக் கண்ணால் காண முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்றியத்தைக் குறை கூற நாம் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. கொசோவோவின் சட்ட ஆட்சிக்காக ஒன்றியம் செலவிட்ட உதவியை ஐரோப்பியக் கணக்காயர் மன்றம் ஆராய்ந்து, போதிய பயன் தரவில்லை என்று 2012இல் வெளிப்படையாக எழுதியது. அவ்வறிக்கை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. பேரவையின் முடிவுகளும் சட்ட ஆவணங்களும் அதிகாரபூர்வத் தளத்தில் நாள்வாரியாக இருக்கின்றன. மகளே, முதலில் ஏதேனும் ஒரு தூதுக் குழுவை எடுத்துக்கொண்டு, அதை நிறுவிய பேரவை முடிவிலிருந்து கடைசியாகப் புதுப்பித்த முடிவு வரை வரிசையாகப் படியுங்கள். ஆணையில் எந்தச் சொற்றொடர் எந்த ஆண்டில் நுழைந்தது, எது நீங்கியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அதை முடித்த பிறகும் திபிலிசிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போகலாம்; அப்போது அங்கே என்ன கேட்பது என்பது தெரிந்திருக்கும்.


மறுமொழி 3: நாகை அக்கரைப்பேட்டை

நான் கல்வித் துறை ஆளில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகள் மறுவாழ்வுப் பணியில் இருந்தவன். அதன் வழியே சில விவரங்கள் தெரியும். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8000 பேரில் 6000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே அலை அதே நாளில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த இரண்டு நிலங்களிலும் அடித்தது. ஒன்று இந்தோனேசியாவின் ஆச்சே. மற்றொன்று நம் எதிர்க்கரையான இலங்கையின் வடக்கும் கிழக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு இடங்களிலும் இருந்தது. விளைவோ நேர்மாறாக ஆயிற்று. ஜார்ஜியாவையும் கொசோவோவையும் பற்றி மேலே இருவரும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டைப் பற்றியும் யாரும் பேசவில்லையே என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆச்சேயில், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியின் நடுவில் 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் உடன்பாடு கையெழுத்தானது. ஒரு மாதத்திலேயே ஐரோப்பிய ஒன்றியமும், நார்வேயும் சுவிட்சர்லாந்தும், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், புருனே, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு அங்கே பணியைத் தொடங்கியது. ஆசியாவில் ஒன்றியம் நடத்திய முதல் தூதுக் குழு அது. ஆச்சே விடுதலை இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. ஈடாக இந்தோனேசியா வெளியிலிருந்து கொண்டுவந்த படையையும் காவலரையும் படிப்படியாக விலக்கிக்கொண்டது. 2006 டிசம்பரில், அதாவது தேர்தல் முடிந்த கையோடு, குழு மூட்டை கட்டிவிட்டது.

இலங்கையில், 2002 பிப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டைக் கண்காணித்தது ஒன்றியமன்று. நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நோர்டிக் நாடுகளின் குழு. ஒன்றியம் அமெரிக்கா, ஜப்பான், நார்வே ஆகியவற்றோடு உதவி வழங்குநர்களின் இணைத் தலைமையில் இருந்தது. ஆழிப்பேரலை நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து வழங்குவதற்கான பொதுக் கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தாகி, ஜூலையிலேயே இலங்கை உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. 2006 மே மாத இறுதியில் ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளுக்கான தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. உடனே புலிகள், ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளான சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகியவற்றைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் நடுநிலையாளர்களாக இருக்க முடியாது என்று கூறி, செப்டம்பருக்குள் வெளியேறச் சொன்னார்கள். குழுவில் பெரும்பகுதியினர் அந்த மூன்று நாட்டவர். எஞ்சிய நார்வேயையும் ஐஸ்லாந்தையும் வைத்துக்கொண்டு, போர் மீண்டும் மூண்டுகொண்டிருந்த நேரத்தில், அந்தக் குழு என்ன பார்த்திருக்க முடியும்? 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்தே விலகியது.

புலிகளை ஆதரித்தோ எதிர்த்தோ இங்கே வாதிட நான் வரவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு கோப்பில் இட்ட கையெழுத்து, அதே ஒன்றியத்தின் உறுப்பினர்கள் களத்தில் நடத்திக்கொண்டிருந்த வேலையைக் குலைத்தது. ஒரு கையில் தடைப் பட்டியல், மறு கையில் கண்காணிப்பு. இரண்டையும் வைத்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா? எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி அது.

மீனவன் என்ற முறையில் ஒன்றையும் சேர்க்கிறேன். ஒன்றியத்தின் வலு எப்போதும் தூதுக் குழுவில் இருப்பதில்லை, சந்தையில் இருக்கிறது. ஆழ்கடலில் முறையற்ற மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி 2015 தொடக்கத்திலிருந்து இலங்கை மீனை வாங்க மறுத்தார்கள். 2016 நடுவில் தடையை நீக்கினார்கள். அந்த இடைவெளியில் கொழும்பு தன் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்துவது முதல் சட்டத்தைத் திருத்துவது வரை ஓடியாடிச் செய்தது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் செயல்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்டில் வரிச்சலுகையை நிறுத்தியபோது அவ்வளவு வேகம் தெரியவில்லை. அச்சலுகை 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது, அதுவும் கொழும்பில் ஆட்சி மாறிய பிறகு. மீனுக்கு நடந்தது மனிதருக்கு நடக்கவில்லையே என்று எங்கள் துறையில் பேசிக்கொண்டோம். இது சரியான ஒப்பீடுதானா என்பதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.


மறுமொழி 4: திருவாரூர்த் தெற்கு வீதி

எல்லாரும் பாடத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். பிழைப்பைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும். ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவையில் அதிகாரியாகச் சேர உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். தூதுக் குழுக்களுக்கு ஆள் அனுப்புபவையும் பெரும்பாலும் உறுப்பு நாடுகளே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு டெல்லியில் உள்ள ஒன்றியத்தின் தூதரகத்தில் உள்ளூர்ப் பணியிடங்கள் உண்டு. அவை அத்திப் பூத்தாற்போல் வரும். மற்றபடி ஆய்வு நிறுவனம், இதழியல், பன்னாட்டுத் தொண்டு நிறுவனம், கல்லூரி ஆசிரியர் பணி ஆகியவைதான். கடைசிக்கு எப்படியும் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். நிலத்தை அடமானம் வைத்து இப்படிப்புக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவில் வருபவராக இருந்தால் வெளிநாட்டு உயர்கல்விக்கான மாநில அரசின் உதவித்தொகையையும் விசாரித்துப் பாருங்கள். பலர் அதைத் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள்.


மறுமொழி 5: பாமணி ஆற்றங்கரை (கேட்டவர்)

நால்வருக்கும் நன்றி. தஞ்சை ஐயா சொன்னபடி பேரவை முடிவுகளைத் தேடிப் பார்த்தேன். ஜார்ஜியக் குழுவை நிறுவிய 2008 செப்டம்பர் முடிவு சில பக்கங்களில் அடங்கிவிடுகிறது, படிக்கவும் கடினமாக இல்லை. நாகை அண்ணாவின் பதிவைப் படித்த பிறகுதான், நான் தொலைவில் தேடிய பொருள் கோடியக்கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில் கிடக்கிறது என்று புரிந்தது. 2006ஆம் ஆண்டுத் தடைப் பட்டியல் முடிவையும் அதனால் நோர்டிக் குழுவுக்கு நேர்ந்ததையும் ஆய்வுப் பொருளாக எடுத்தால் என்ன என்று யோசிக்கிறேன்.

எனக்கு இரண்டு தயக்கங்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி இதை எழுதினால், என்ன எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகவே ஐரோப்பியத் தேர்வாளர்கள் கருத மாட்டார்களா? மேலும், பேரவையின் உள்விவாதங்கள் வெளியே கிடைக்காத நிலையில், இதில் நான் சான்று என்று எதைக் காட்டுவது?


மறுமொழி 6: பழைய விரிவுரையாளர் (தஞ்சாவூர்)

நாகை நண்பரின் பதிவு இத்திரியில் சிறந்தது. ஒப்பீட்டில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஆச்சேயில் ஒன்றியம் வென்றது, இலங்கையில் தோற்றது என்று எழுதிவிடக் கூடாது. ஆச்சேயில் இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. ஜகார்த்தாவில் அதிபர் யுதயோனோவின் அரசு உடன்பாட்டை விரும்பியது. இரு தரப்பும் அழைத்த பிறகே ஒன்றியம் உள்ளே வந்தது. இலங்கையில் இந்த மூன்றில் எதுவும் முழுமையாக இல்லை. மீன் பற்றிய கேள்விக்கும் சுருக்கமாக ஒரு விடை: மீன்பிடிக் கட்டுப்பாட்டை நிறைவேற்ற ஓர் அரசு தன் அதிகாரத்தில் எதையும் இழக்க வேண்டியதில்லை, மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்ற இழக்க வேண்டும்.

இனி மகளின் இரண்டாம் தயக்கம். உள்விவாதம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அதைவிட நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அது நீதிமன்றத் தீர்ப்பு. பேரவை 2011 முதல் புதுப்பித்து வந்த பட்டியலை எதிர்த்துப் புலிகள் சார்பில் தொடுத்த வழக்கில், ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2014 அக்டோபர் 16இல் அந்த ஒழுங்குவிதிகளை, அவர்களைப் பொறுத்தமட்டில், நீக்கியது. இயக்கத்தின் தன்மையைப் பற்றி நீதிமன்றம் எந்த முடிவும் சொல்லவில்லை. பேரவை தன் முடிவுக்கு அடிப்படையாகக் காட்டியவை, தகுதியுள்ள அதிகாரிகள் ஆராய்ந்து எடுத்த முடிவுகளாக இல்லாமல், செய்தித்தாளிலும் இணையத்திலும் எடுத்த தகவல்களாக இருந்தன என்பதே குறை. பேரவை மேல்முறையீடு செய்தது. 2017 ஜூலை 26இல் ஒன்றியத்தின் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிந்தைய முடிவுகளின் வழியே பெயர் பட்டியலில் தொடர்ந்து வருகிறது என்பது வேறு.

இந்த வழக்கில் இந்தியா வருகிறது. 1992 மே மாதம் இந்தியா விதித்த தடையின் தொடர்ச்சியான முடிவுகளையும் பேரவை தனக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டின் முடிவை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று கேட்டபோது, கொள்ளலாம், ஆனால் அந்நாட்டில் தற்காப்பு உரிமையும் நீதிப் பாதுகாப்பும் ஒன்றியத்தில் உள்ளவற்றுக்கு ஈடாக இருக்கின்றனவா என்பதைப் பேரவை முதலில் சரிபார்த்திருக்க வேண்டும், அது நடந்ததாகக் காரண அறிக்கையில் தெரியவில்லை என்று தீர்ப்பு சொல்கிறது. இதைப் படித்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒன்றியத்தின் சட்டத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். இந்தியாவில் அத்தடை இரண்டாண்டுக்கு ஒருமுறை எவ்வாறு நீட்டிக்கப்பட்டது, தீர்ப்பாயத்தின் முன் யார் வந்து பேச முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதையெல்லாம் அறிந்து, இரண்டையும் சேர்த்துப் படிக்கக்கூடியவர் நம் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். நீங்கள் கேட்ட உங்களுக்கே உரிய கேள்வி என்று நான் கருதுவது இது.

சாய்வு பற்றிய தயக்கத்துக்கும் இதிலேயே வழி உண்டு. தீர்ப்பையும் பேரவை முடிவையும் போர்நிறுத்தக் குழுவின் அறிக்கைகளையும் அடித்தளமாக வைத்து எழுதுபவரைச் சாய்வு என்று சொல்வது எளிதன்று. நேர்காணலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, திருச்சி கொட்டப்பட்டு போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் யாரையாவது பிடித்துப் பேசிவிடலாம் என்று போகாதீர்கள். அதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, நீங்கள் ஆய்வேட்டை முடித்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவீர்கள். பேசியவர் அதே முகாமில், அதே கண்காணிப்பில் இருப்பார்.


மறுமொழி 7: குடந்தைப் பாலக்கரை

ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். இந்தக் கேள்வியை எடுப்பதாக இருந்தால் உங்களுக்கு வேண்டிய இடம் திபிலிசி இல்லை. ஒன்றியச் சட்டமும் வெளியுறவும் ஒருங்கே கற்பிக்கும் உறுப்பு நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றே பொருத்தம். களத்துக்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் பருவநிலையைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள். ஆய்வுக்குப் போகும்போது அதை நம்பித் திரும்பும் நாளைக் குறிக்க வேண்டாம். இலங்கையில் ஆய்வு செய்யச் சுற்றுலா விசா போதுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளுக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குவார்கள். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோ செலவுக்குத் தருகிறார்கள். இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். சிக்கனமாக இருந்தால் அதில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். திருவாரூர் நண்பரின் அச்சத்துக்கு இது ஓரளவு விடை. பட்டச் சான்றிதழ் வரத் தாமதமாகும் என்பதால் இப்போதே பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலின் சான்றிட்ட படிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நோக்க அறிக்கையில் ஆழிப்பேரலையைப் பற்றி உருக்கமாக எழுதத் தோன்றும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், மீதி இடத்தை 2014ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் கொடுங்கள். வரைவை இங்கே இட்டால் பார்த்துத் தருகிறேன். அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் ஊரில்தான் இருப்பேன், தனிச்செய்தியில் எழுதுங்கள். மன்னார்குடிக்கு வந்து போவது எனக்குச் சிரமமில்லை.